சாமி இல்லாத வைத்தியம்

போன மாதம் அம்மாவை மூட்டுவலிக்காக ஒரு எலும்பு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். டோக்கன் 34. இரண்டரை மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார், மூன்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். தப்பாக ஒன்றும் எழுதவில்லை. தெரிந்த இன்னொரு டாக்டரிடம் பிறகு காட்டினேன், அவரும் இதையேதான் எழுதியிருப்பாராம். ஆனால் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை: "தொட்டுக்கூடப் பாக்கலை, பாத்தியாட்டி?"

இரண்டு நாள் மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடந்தது. தொடாத டாக்டர் கொடுத்த மாத்திரையை அவளும் தொடமாட்டாள் போல.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஒரு டாக்டருக்குக் கிடைக்கக்கூடிய பெரிய பட்டம் எம்.டி. அல்ல, கைராசி. 'அவர் நாடியைப் பிடிச்சாலே பாதிக் காய்ச்சல் இறங்கிரும்' என்று ஊர் சொல்லிவிட்டால் போதும், அவர் வாசலில் செருப்பு குவிந்துவிடும். வீட்டிலேயே செய்துகொள்கிற சிகிச்சைக்குக் கை வைத்தியம் என்றுதான் பெயர். ஜப்பானிய மொழியிலும் இப்படி ஒரு சொல் இருக்கிறது: தெயாத்தே. 'தெ' என்றால் கை. கையை வைப்பது தெயாத்தே. காயத்துக்குக் கட்டுப் போடுவதையும், பொதுவாகச் சிகிச்சையையும் இன்றைக்கும் அந்தச் சொல்லால் சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கும் படித்தொகைக்கும் அங்கே அதே பெயர்தான். இதை அப்பாவிடம் சொன்னபோது, முப்பத்துநான்கு வருஷம் ட்ரெஷரியில் கணக்குப் பார்த்த மனிதர், வலியோடு வலியாகச் சிரித்தார். "அப்ப பஞ்சப்படியும் வைத்தியந்தான்னு சொல்லு."

அந்த ஆட்டோப் பேச்சுக்கு மூன்றாம் நாள் ராத்திரி அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஒங்கப்பாவுக்குச் செஞ்சியே, அந்த ஜப்பான் வைத்தியம். அதை என் முட்டிக்குக் கொஞ்சம் செய்யேன்." அப்பா போய்ப் பதின்மூன்று வருஷமாகிறது. அந்தப் பேச்சு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எழுந்ததே இல்லை.

ஜப்பானுக்கு முன்னால் ஆச்சியைச் சொல்லியாக வேண்டும்.

ஆச்சி, அப்பாவைப் பெற்றவள். அவளுக்கு மூன்று வைத்தியம் தெரியும். குழந்தைக்கு உரம் விழுந்துவிட்டால் பழைய நூல்சேலையில் அதைக் கிடத்தி, இரண்டு பக்கமும் இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லி, இப்படியும் அப்படியும் மெல்ல உருட்டி எடுப்பாள். வயிற்றுவலி என்றால் தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவி நீவிவிடுவாள். பயந்த பிள்ளைக்குத் திருநீறு மந்திரித்துப் போடுவாள். சுளுக்கு மட்டும் அவள் இலாகா இல்லை. அதற்குத் தெருக்கோடியில் காலால் பிறந்த பெரியப்பா ஒருவர் இருந்தார். அவர் காலால் மூன்று தரம் நீவினால் போதும் என்று நம்பிக்கை. காலையில் அவர் வீட்டுத் திண்ணையில் கோணிய கழுத்தோடு இரண்டு பேராவது உட்கார்ந்திருப்பார்கள்.

ஆச்சியின் கை இன்னும் நினைவிருக்கிறது. வெற்றிலைக் காம்பு கிள்ளிக் கிள்ளி வலது கட்டைவிரல் நகத்தின் ஓரம் பழுப்பேறியிருக்கும். உள்ளங்கை சொரசொரப்பாக, அடுப்பங்கரைச் சூட்டோடு இருக்கும். வயிற்றில் பட்டதும் முதலில் கூசும், அப்புறம் தூக்கம் சொக்கும். நீவும்போது வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டே இருப்பாள். அது மந்திரமா, முருகன் பாட்டா, பால்காரன் கணக்கா என்று யாருக்கும் தெரியாது.

அப்பா விடுதலை பத்திரிகை வாங்கிப் படிக்கிற ஆள். பெற்ற தாயோடு இதற்காகவே மல்லுக்கு நிற்பார். "நீவுறதுன்னா நீவு, யாரு வேண்டாங்கா? வாய்க்குள்ள என்ன முணுமுணுப்பு?" ஆச்சி நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். "முணுமுணுக்காட்டா கை ஓடாதுல்லா" என்பாள்.

அப்போது எனக்கு எட்டு வயது. அந்தப் பதிலில் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று பிடிபட எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

2003-இல் சென்னையில் வேலை. ஒற்றைத் தலைவலி வாரத்துக்கு இரண்டு முறை வந்து போட்டுப் பார்க்கும். அலுவலகத்தில் ஒரு தோழி, "ரெய்கின்னு ஒரு ஜப்பான் வைத்தியம், ஒரு நாள் வகுப்புதான், வந்துதான் பாரேன்" என்று மேற்கு மாம்பலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கட்டணம் 1200 ரூபாய், மதியச் சாப்பாடு சேர்த்து. இருபது பேருக்கு மேல் இருந்தோம். முன்னால் ஒரு மேசை, ஊதுபத்தி, கண்ணாடிச் சட்டத்துக்குள் வட்டக் கண்ணாடி போட்ட ஒரு ஜப்பானியர் படம். படத்துக்குக் கதம்ப மாலை சார்த்தி, நெற்றி இருக்கும் இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். ரெய்கியை உண்டாக்கிய அந்த மிக்காவோ உசுயி கியோத்தோ பக்கம் மலையேறியபோது தன் நெற்றியில் ஒருநாள் மேற்கு மாம்பலம் குங்குமம் ஏறும் என்று நினைத்திருக்கமாட்டார்.

வகுப்பு எடுத்தவரை எல்லோரும் மேடம் என்றார்கள். நல்ல குரல். கண்ணை மூடச் சொல்லி, கையைக் கூப்பச் சொல்லி, பின்னால் வந்து உச்சந்தலையில் ஊதினார். அதற்குப் பெயர் தீட்சை. அப்புறம் இரண்டிரண்டு பேராகப் பிரித்தார்கள். ஒருவர் படுக்க, மற்றவர் கண், நெற்றிப்பொட்டு, பின்தலை, தொண்டை, நெஞ்சு, வயிறு என்று வரிசையாக ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிஷம் கையை வைத்து எடுக்க வேண்டும். அழுத்தக் கூடாது, தேய்க்கக் கூடாது, சும்மா வைத்திருக்க வேண்டும். கஷ்டமே அந்தச் 'சும்மா'தான். நம் கை சும்மா இருந்து பழகாத கை.

எனக்கு ஜோடியாக வந்தவர் நாற்பத்தைந்து வயது அக்கா ஒருவர். அவர் என் கண்மேல் கையை வைத்தார். வெங்காயம் நறுக்கிய வாசனை லேசாக இருந்தது. ஒரு நிமிஷத்தில் இதமான சூடு. மூன்றாவது நிமிஷம் காரணமே இல்லாமல் என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, ஒரு வீட்டையே தூக்கி நிறுத்திக்கொண்டிருந்த எனக்கு, ஒரு காரியமும் எதிர்பார்க்காமல் இன்னொரு மனித உயிர் அரை மணி நேரம் கை வைத்தது அதுதான் முதல் முறை. தலைவலி அதற்குப் பிறகும் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த அரை மணி நேரத்தை நான் மறக்கவில்லை.

ரெய்கியின் கதையை மேடம் அன்றைக்கு இப்படிச் சொன்னார்: உசுயி ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் தலைவர். 'ஏசு கையால் தொட்டுக் குணமாக்கினாரே, உங்களால் முடியுமா?' என்று ஒரு மாணவன் கேட்க, பதில் தேடி அமெரிக்கா வரை போய்ப் படித்து, கடைசியில் மலையில் தவம் இருந்து சக்தி பெற்றார். வெகு நாள் நானும் இதை நம்பிக்கொண்டிருந்தேன். தோக்கியோவில் சைஹோஜி கோவில் இடுகாட்டில் உசுயிக்கு அவர் மாணவர்கள் 1927-இல் வைத்த நினைவுக்கல் ஒன்று இருக்கிறது. அதில் கிறிஸ்தவமும் இல்லை, கல்லூரியும் இல்லை. 1865-இல் கிஃபு மாகாணத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர், நிறையப் படித்தவர், வாழ்க்கையில் பலமுறை தோற்றவர், குராமா மலையில் 21 நாள் உபவாசம் இருந்தபோது தலைக்கு மேல் ஒரு பெரும் சக்தியை உணர்ந்தவர், 1922-இல் தோக்கியோவில் சங்கம் வைத்தவர். அடுத்த வருஷம் செப்டம்பரில் காந்தோ நிலநடுக்கம் நகரத்தைத் தரைமட்டமாக்கியபோது காயம்பட்டவர்களுக்குக் கை வைக்கப் போனவர். 1926-இல் இறந்துபோனார். கையில் கிடைத்தது நான்கே வருஷம், அதற்குள் 2000 பேருக்கு மேல் சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்கிறது கல்.

அப்படியானால் அந்தக் கிறிஸ்தவக் கதை எங்கிருந்து வந்தது? ஹவாயோ தகாத்தாவிடமிருந்து. என்னைக் கேட்டால் ரெய்கியின் கதாநாயகி அவர்தான். ஹவாய்த் தீவுகளில் கரும்புத் தோட்டக் கூலிகளின் மகளாக 1900-இல் பிறந்தவர். கணவர் சின்ன வயதிலேயே போய்விட, இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு உழைத்து உழைத்து உடம்பு கெட்டு, 1935-இல் அறுவை சிகிச்சைக்காக தோக்கியோ போகிறார். கத்தி வைக்கிற நேரத்தில் 'வேண்டாம்' என்று ஒரு குரல் கேட்டதாம். மேசையிலிருந்து இறங்கி, உசுயியின் மாணவரான ஹயாஷி என்ற முன்னாள் கடற்படை அதிகாரியின் சிகிச்சைக்கூடத்துக்குப் போனார். அங்கே வயிற்றில் வைத்த கை அப்படிச் சுட்டதாம். ஏதோ மின்சாரக் கருவியை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு, கை வைத்தவரின் கிமோனோ சட்டைக் கையைப் பிடித்து உள்ளே துழாவிப் பார்த்தாராம். கரும்புத் தோட்டத்துப் பெண் அல்லவா, லேசில் ஏமாறுவாளா? இந்த ஒரு காரியத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். உள்ளே ஒன்றுமில்லை, வெறும் கைதான்.

1937-இல் ஹவாய்க்குத் திரும்பிய தகாத்தா 1980-இல் சாகும்வரை ரெய்கி சொல்லிக் கொடுத்தார். நடுவில் ஹவாயிலிருந்த பெர்ல் ஹார்பர் துறைமுகத்தில் ஜப்பான் குண்டு போட்டு, அமெரிக்காவோடு போர் மூண்டது. அமெரிக்க மண்ணில் ஜப்பான் முகத்தோடு, ஜப்பான் வைத்தியம் செய்கிற ஒரு விதவை, தன் குருவுக்கு ஒரு பைபிளைக் கையில் கொடுத்து அனுப்பியதில் ஆச்சரியம் என்ன? பொய்தான். ஆனால் பிழைக்கத் தெரிந்த பொய். மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தகுதி தரும் மாஸ்டர் பட்டத்துக்கு 10,000 டாலர் வாங்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆக மொத்தம் 22 பேரைத்தான் மாஸ்டராக்கினார். இன்றைக்கு உலகெங்கும் நடக்கிற ரெய்கி வகுப்புகளில் பெரும்பாலானவை அந்த 22 பேரின் வம்சம். நம்மூர் மேடம்களும் அந்தக் கொடியில் காய்த்தவர்கள்தான்.

அந்தக் கொடி சுற்றி வந்ததில் இன்னொரு கூத்து. வகுப்பில் எங்களுக்கு ஏழு சக்கரங்களின் படம் கொடுத்தார்கள்: மூலாதாரம், சுவாதிஷ்டானம் என்று தமிழில் அச்சடித்தது. உசுயியின் ஜப்பானிய முறையில் சக்கரமே கிடையாது. மேற்கே போன பிறகு யாரோ ஒட்டவைத்தது. நம் வீட்டுப் பித்தளைக் குடம் அமெரிக்கா போய் நிக்கல் பூசிக்கொண்டு வந்திருக்கிறது, நாமும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டோம்.

வகுப்பு முடிந்து கொஞ்ச நாள் எல்லோருக்கும் பைத்தியம் பிடித்த மாதிரிதான் இருந்தது. கிளம்பாத ஸ்கூட்டருக்கு ரெய்கி, பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டுக்கு ரெய்கி, அழுகின தக்காளியும் ஒரு நாள் கூட நிற்கும் என்று குளிர்சாதனப் பெட்டிக்கு ரெய்கி. சிரிக்கலாம். நானும் சிரிக்கிறேன். ஆனால் என் தலைவலியின்போது மகன் பள்ளியிலிருந்து வந்து, சீருடையோடு என் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் அசையாமல் நின்றிருக்கிறான். ரெய்கி என்ற பெயர் இல்லாவிட்டால் பன்னிரண்டு வயதுப் பையன் அதைச் செய்திருப்பானா?

கையில் வரும் அந்தச் சூட்டை நான் கொஞ்ச நாள் சக்தி என்றே நினைத்தேன். பிறகு ஒருநாள் தலையணைமேல் கையை வைத்துப் பார்த்தேன். அங்கேயும் சூடு வந்தது. உடம்பிலிருந்து சதா வெப்பம் வெளியேறிக்கொண்டிருக்கிறது. மேலே ஒரு கையோ துணியோ இருந்தால் போக வழியில்லாமல் அங்கேயே தேங்குகிறது. அவ்வளவுதான். ஆனால் தலையணைக்கு மேலே கை வைத்தால் அழுகை வராது. அது வேறு கணக்கு. நம் தோலில் மெதுவான வருடலுக்கென்றே தனி நரம்பு இழைகள் இருக்கின்றன. வினாடிக்கு ஒன்றிலிருந்து பத்து சென்டிமீட்டர் வேகத்தில், உடம்புச் சூடுள்ள ஒரு கை தடவினால்தான் அவை நன்றாக விழித்துக்கொள்கின்றன; முன்கை, முதுகு போன்ற மெல்லிய ரோமம் உள்ள இடங்களில் அவை அதிகம். ஆச்சி நீவிய வேகம் எனக்குத் தெரியும். அவளிடம் அளவுகோல் இல்லை, அவ்வளவுதான்.

ரெய்கியில் வருடல் இல்லையே என்று கேட்பீர்கள். இல்லைதான். அதனால்தான் ஒரு பரிசோதனை எனக்கு முக்கியமாகப் பட்டது. அமெரிக்காவில் கீமோதெரபி எடுத்துக்கொண்டிருந்த 189 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பிரிவுக்கு ரெய்கி. மூன்றாவது பிரிவுக்கு ரெய்கி தெரியாதவர் வந்து, தெரிந்த மாதிரியே அதே இடங்களில் கை வைத்தார். 2011-இல் முடிவு வெளியானது. ரெய்கி பெற்றவர்களுக்கு உடம்பும் மனசும் கொஞ்சம் லேசாக இருந்தது. நடிப்பு ரெய்கி பெற்றவர்களுக்கும் அதேபோல் லேசாக இருந்தது. வெறும் மருந்து மட்டும் ஏறியவர்களுக்கு அது கிடைக்கவில்லை. உடம்பெல்லாம் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் 100 பேரை வைத்து 2008-இல் வெளியான இன்னோர் ஆய்வில் வலி சுத்தமாகக் குறையவே இல்லை.

என் ஜோடி அக்காவுக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

2004 கடைசியில் அவருக்கு மார்பில் ஒரு கட்டி. சுண்டைக்காய் அளவு என்று என்னிடம் சொன்னார். மேடத்திடம் காட்டியபோது, "அனாகதச் சக்கரத்துல அடைப்பு, துக்கத்தை உள்ளயே வச்சிருக்கீங்க. நாற்பத்தெட்டு நாள் கொடுப்போம்" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று அவர் சொல்லவில்லை. அவசரம் இல்லை என்றுதான் சொன்னார். நாற்பத்தெட்டு நாள் ஒரு மண்டலம், இன்னொரு மண்டலம் என்று ஏழு மாதம் ஓடியது. புற்றுநோயை மாய முறையால் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷத்துச் சட்டமே தடுக்கிறது. மேடம் விளம்பரம் எதுவும் செய்யவில்லையே, காதோடு சொன்னார். அக்கா கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்குளுக்கும் பரவியிருந்தது. பிழைத்துக்கொண்டார், அது அவருடைய அதிர்ஷ்டம். ஏழு மாதம் முன்னால் போயிருந்தால் சின்ன அறுவையோடு போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை என்னிடம் சொல்லும்போது அவர் குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. அந்த ஏழு மாதத்தில் நான்கைந்து தடவை நானும் அந்தக் கட்டி மேல் கை வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் ரெய்கி வகுப்புப் பக்கம் போகவில்லை. வீட்டிலும் நிறுத்திவிட்டேன்.

அப்பாவுக்கு 2011-இல் ப்ராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியது. பாளையங்கோட்டை வீட்டு முன்னறையில் கட்டிலைப் போட்டோம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபின் மாத்திரை. வாரம் இரண்டு தடவை வலி நிவாரணப் பிரிவிலிருந்து ஒரு நர்ஸ் வருவார், கேரளத்துப் பெண். அவர் வந்ததும் முதல் வேலை பேச்சுக் கொடுத்துக்கொண்டே அப்பாவின் பாதத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வதுதான். வீக்கம் பார்க்கிறார் என்று நினைத்தேன். வீக்கம் பார்த்து முடித்த பிறகும் விடமாட்டார்.

அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் வந்து ஒரு மாதமாகிறது. சோறு ஊட்டுகிறேன், மாத்திரை கொடுக்கிறேன், அம்மாவோடு சேர்ந்து அவரைப் புரட்டிப் போடுகிறேன். ஆனால் சும்மா, ஒரு வேலையும் இல்லாமல், அப்பாவைத் தொட்டதே இல்லை. வயதுக்கு வந்த பிறகு அப்பாவும் நானும் தொட்டுப் பேசிக்கொண்டதில்லை. எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, நம்மில் நிறைய வீடுகளில் இதுதான் வழக்கம். கல்யாணத்தன்று காலில் விழுந்தபோது உச்சந்தலையில் பட்டும் படாமல் ஒரு கை. அவ்வளவுதான் முப்பது வருஷத்துக் கணக்கு.

ஆசையாக இருந்தது, ஆனால் கை போகவில்லை. காரணம் சொல்லாமல் எப்படித் தொடுவது? அப்போதுதான் ரெய்கி ஞாபகம் வந்தது.

"அப்பா, ஜப்பான்ல ஒரு வைத்தியம் இருக்கு. கை வைக்கறதுதான். வைக்கட்டுமா?"

"சாமி உண்டா அதுல?"

"இல்லப்பா."

"முணுமுணுப்பு?"

கொஞ்சம் யோசித்தேன். உசுயி தன் மாணவர்களுக்குத் தினமும் காலையும் மாலையும் சொல்லச் சொன்ன ஐந்து வரிகள் உண்டு. இன்று ஒரு நாள் மட்டும் கோபப்படாதே. கவலைப்படாதே. நன்றியோடு இரு. உன் வேலையைக் கருத்தாகச் செய். எல்லோரிடமும் அன்பாக இரு. கை வைக்கும்போது எனக்கு அவை தானாக வாயில் வந்துவிடும். ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"சாமி பேரு இல்ல. சரி, வையி" என்றார். ஆச்சிக்குக் கொடுக்காத அனுமதியை அந்த மனிதர் உசுயிக்குக் கொடுத்துவிட்டார்.

பாதத்தில்தான் வைத்தேன். எலும்பில் நோய் இருக்கிறவர்களை முதுகிலும் இடுப்பிலும் அழுத்தக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அப்பாவின் பாதத்தை அவ்வளவு கிட்டத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில், செருப்பு வார் அறுபது வருஷம் அழுத்திய இடத்தில், பளபளப்பாக ஒரு தழும்பு. குதிகாலில் வெடிப்பு. தோல் சில்லென்று, காய்ந்த வாழைச்சருகு மாதிரி இருந்தது. பத்து நிமிஷத்தில் சூடு வந்தது. தேங்கிய சூடுதான், தெரியும். தெரிந்தே வைத்திருந்தேன்.

வலி குறைந்ததா? மார்ஃபின்தான் வலியைக் குறைத்தது. அதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஆனால் மாத்திரை போட்டு அது வேலை செய்ய ஆரம்பிக்கும் வரையிலான அந்த அரைமணி, முக்கால் மணி நேரம் இருக்கிறதே, அதை ஓட்டியாக வேண்டும். அதற்கு மாத்திரை கிடையாது.

தினம் சாயங்காலம் ஆறு மணி மாத்திரைக்குப் பிறகு இது வழக்கமாகிவிட்டது. பேசிக்கொண்டிருப்போம். தகாத்தா சட்டைக் கைக்குள் துழாவிய கதை அப்பாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது, மூன்று தடவை சொல்ல வைத்தார். ஆல்காட் கதையும் சொன்னேன். அடையாறில் தலைமையகம் அமைத்த பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட், 1882-இல் இலங்கையில் பௌத்தப் பள்ளிகளுக்கு நிதி திரட்டிக்கொண்டிருந்தார். பாதி உடம்பு செயலிழந்த கொர்னேலிஸ் அப்பு என்ற ஏழை தன்னால் முடிந்த சில்லறையோடு வந்து நின்றார். ஆல்காட் மனசு கேட்காமல் அவர் மேல் கைகளை வீசித் தடவிவிட்டார். ஆள் தேறிவிட்டார் என்று செய்தி பரவ, போகிற ஊரெல்லாம் நோயாளிகள் கூட்டம். ஒரு வருஷத்துக்கு மேல் தாக்குப் பிடித்து, கடைசியில் தன் குருவின் உத்தரவு என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். "நிறுத்தத் தெரிஞ்ச ஆளு, பெரிய ஆளு" என்றார் அப்பா.

அந்தச் சபையின் வழியில் வந்த டோரா குன்ஸ் என்ற அம்மையாரும், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் செவிலியர் பேராசிரியையாக இருந்த டொலோரஸ் கிரீகரும் சேர்ந்து 1970-களில் ஒரு முறையை உண்டாக்கினார்கள். உடம்பைத் தொடாமல், சில அங்குலம் மேலே கையை நகர்த்தி, பிராணனைச் சரிசெய்வது. நம் 'பிராணன்' என்ற சொல்லையே வைத்துக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான அமெரிக்க நர்சுகள் கற்றுக்கொண்டார்கள். அதை எமிலி ரோஸா என்ற ஒன்பது வயதுப் பெண் பள்ளி அறிவியல் போட்டிக்காகச் சோதித்த கதையை ஒரு மார்கழிச் சாயங்காலம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நடுவுல ஒரு அட்டைத் தடுப்புப்பா. அதுல ரெண்டு ஓட்டை. வைத்தியம் பண்றவங்க ரெண்டு கையையும் ஓட்டை வழியா இந்தப் பக்கம் நீட்டணும். இவ காசைச் சுண்டிப் பாத்து, ஏதாவது ஒரு கைக்கு மேல தன் கையைத் தொடாம நீட்டுவா. எந்தக் கைக்கு மேலன்னு அவங்க சொல்லணும். சக்தியை உணருறவங்கதான, சொல்லிரலாம்லா?"

"எத்தன பேரு?"

"இருபத்தொரு பேரு. மொத்தம் 280 தடவை."

"சரியாச் சொன்னது எத்தன?"

"123."

கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. ட்ரெஷரி கணக்கு இன்னும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. "நாப்பத்துநாலு சதம்" என்றார். "பாதிகூட வரலியே. அதுக்கு அவங்களும் காசச் சுண்டிப் பாத்துச் சொல்லிருக்கலாம்."

"ஆமாப்பா. 1998-ல பெரிய மருத்துவப் பத்திரிகையிலயே வந்துச்சு. அப்ப அவளுக்குப் பதினொரு வயசு."

"கெட்டிக்காரப் புள்ள."

கொஞ்ச நேரம் பேசவில்லை. தெருவில் பெருமாள் கோவிலுக்குப் போகிற பஜனைக் கோஷ்டி ஒன்று கடந்து போயிற்று. வழக்கமாக அதற்கு ஒரு நக்கல் வரும். அன்றைக்கு வரவில்லை.

"அப்ப ஒனக்கு இதுல நம்பிக்கை கெடையாது?"

"இல்லப்பா."

"எனக்கும் கெடையாது."

நான் கையை லேசாகத் தளர்த்தினேன்.

"எடுக்காத" என்றார் அப்பா. அப்புறம், "இடது காலு சில்லுனு கெடக்கு. அதுக்கு மாத்து."